இரவு 11 மணி வேலை ஏன் நடக்கவில்லை?

வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பயம். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை என்ற நிலை சில விநாடிகள் நீடித்தாலே நிலையத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும், பொறியாளரின் கைப்பேசிக்குத் தகவல் போகும். இதற்கென்றே மௌனத்தைக் கண்டறியும் கருவிகள் இருக்கின்றன. நள்ளிரவில் நீங்கள் கேட்கும் பாடல்களையும் விளம்பரங்களையும் பெரும்பாலும் ஆள் உட்கார்ந்து ஒலிபரப்புவதில்லை. நேர அட்டவணைப்படி கணினிதான் அதைச் செய்கிறது. ஆள் இல்லாத இடத்தில் ஒரு வேலை நடக்க வேண்டுமானால், அது நடக்காமல் போனதைச் சொல்லவும் ஒரு வழி இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

வீட்டுக் கணினியிலும் கடைக் கணினியிலும் இந்த ஏற்பாடு இல்லை. 'தினமும் இரவு 11 மணிக்குக் கணக்குக் கோப்புகளை வேறு வட்டில் நகலெடு' என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். வேலை நடந்தாலும் சத்தம் இல்லை, நடக்காவிட்டாலும் சத்தம் இல்லை.

காலை நிகழ்ச்சியில் வாரம் ஒருநாள் கணினி, கைப்பேசி தொடர்பான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுக்கு வந்ததை ஒட்டிப் பலரும் புதிய கணினிக்கு மாறினார்கள். அதிலிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. "பழைய கம்ப்யூட்டர்ல தானா நடந்த வேலை புதுசுல நடக்கல. பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது. ஆனா நான் போடுற பாஸ்வேர்ட் சரிதான்."

இது தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் தலைவலி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழை நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் கட்டிலையும் அலமாரியையும் மட்டும் கொண்டு போகவில்லை. கணினியும் அதிலிருந்த கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் சேர்ந்தே போயின. வியாபாரம் செய்பவர்கள் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். வெள்ளத்தில் போய்விட்டது என்பது வருத்தமான உண்மைதான். ஆனால் நகல் எடுத்து வைத்திருந்தவருக்கு அந்த வருத்தம் பாதியாகக் குறையும். அந்த நகலை எடுக்கும் இரவு வேலைதான் இங்கே பேசும் விஷயம்.

கிள்ளானில் ஒரு கணக்கர்

கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கத்தில் உள்ள சிறு கடைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறார் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. ஒவ்வோர் இரவும் 11 மணிக்கு அவருடைய கோப்புகள் தனி வட்டில் நகலாக வேண்டும். புதிய கணினி வாங்கியதும் உறவுக்காரப் பையன் ஒருவர் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு கடைக்காரர் பழைய பட்டியல் ஒன்றைக் கேட்டபோதுதான் அக்கா அந்த வட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு நகல்கூட இல்லை. நல்லவேளை, மூலக் கோப்புகள் கணினியில் பத்திரமாக இருந்தன.

நான் போய்ப் பார்த்தபோது அக்கா கேட்டார்: "தினமும் ஆறு நம்பர் அடிச்சுத்தானே தம்பி உள்ள போறேன்? அதத்தான் அந்தப் பெட்டியிலயும் போட்டோம். தப்புன்னு சொல்லிருச்சு. அப்புறம் பையன் எதையோ மாத்தி வச்சான், சொல்றது நின்னு போச்சு."

'சொல்றது நின்னு போச்சு' என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பையன் பிழையைத் தீர்க்கவில்லை, அதன் வாயை மூடியிருந்தார். வேலை எப்போது ஓட வேண்டும் என்ற இடத்தில் இரண்டு தெரிவுகள் உண்டு. 'பயனர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு' என்பது ஒன்று. 'பயனர் உள்ளே இருக்கும்போது மட்டும் ஓடு' என்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தால் கணினி கடவுச்சொல் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் கேட்காது. கேள்வியைத் தவிர்க்க இரண்டாவதைத் தேர்ந்திருக்கிறார். அக்காவோ இரவு 9 மணிக்குத் தம் கணக்கிலிருந்து வெளியேறி, பள்ளிப் பாடத்துக்காக மகளிடம் கணினியைக் கொடுத்துவிடுவார். 11 மணிக்கு அக்கா 'உள்ளே' இல்லை. ஆகவே வேலையும் இல்லை. கணினி சொன்னதைத்தான் செய்தது.

காவலரும் ஆக்சஸ் கார்டும்

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டைச் சுத்தம் செய்ய ஓர் அம்மா வருகிறார். உங்கள் ஆக்சஸ் கார்டின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். வாசல் காவலர் கார்டைத் தட்டச் சொல்வார், பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே விடுவார். நிர்வாகம் எல்லாக் கார்டுகளையும் புதுப்பித்துவிட்டது, நீங்களும் புதியதை வாங்கிவிட்டீர்கள். அந்த அம்மாவிடம் இருப்பதோ பழையது. அவர் வருவார், சிவப்பு விளக்கு எரியும், திரும்பிப் போய்விடுவார். வீடு தூசியாக இருப்பதைப் பார்க்கும் வரை உங்களுக்குத் தெரியாது.

விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற பகுதிதான் இந்த ஊழியரை அனுப்புகிறது. நீங்கள் உள்ளே இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டும் என்றால், உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் அது தன்னிடம் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் அதைக் காட்டி உள்ளே நுழையும். நீங்கள் பின்னர் கடவுச்சொல்லை மாற்றினால் அந்தச் செய்தி இந்த ஊழியருக்குப் போய்ச் சேராது. பழைய கார்டைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்.

வேலையைக் குறித்த நேரத்தில் கணினியிடம் ஒப்படைக்கும் பழக்கம் புதிதல்ல. யூனிக்ஸ் கணினிகளில் 1970களிலேயே 'கிரான்' என்ற நிரல் இதைச் செய்தது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வீட்டுக் கணினிக்கு இந்த வசதி 1995இல் விண்டோஸ் 95க்கான துணைத் தொகுப்பு ஒன்றில் வந்தது. இன்றைய வடிவம் 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து தொடர்கிறது.

பின் எண் வேறு, கடவுச்சொல் வேறு

அக்கா அடித்த ஆறு இலக்கம் கடவுச்சொல் அல்ல, பின் எண். விண்டோஸ் ஹலோ என்ற ஏற்பாட்டில் நாம் அடிக்கும் பின் எண்ணும், காட்டும் முகமும், வைக்கும் விரலும் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியவை. கடவுச்சொல் என்பது உங்கள் கணக்குக்கு உரியது. இரவு ஊழியருக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஏடிஎம் இயந்திரத்தில் அடிக்கும் எண்ணை வங்கியின் இணையத்தளத்தில் போட்டால் திறக்குமா? அதே கதைதான்.

புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டே உள்ளே நுழையச் செய்கிறார்கள். முதல் நாள் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பின் எண் அமைத்துவிட்டால், அதன் பிறகு கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. பலருக்கு அது என்னவென்றே மறந்து போகிறது. அக்காவுக்கு நாங்கள் செய்தது இதுதான்:

முதலில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்தோம். அடுத்து, கணினி அமைப்புகளில் 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், ஹலோ முறையில் மட்டுமே நுழையலாம் என்றிருந்த பொத்தானை அணைத்தோம். அது அணைந்தால்தான் நுழைவுத் திரையில் கடவுச்சொல் அடிக்கும் இடம் தென்படும். பிறகு வெளியேறி, பின் எண் இல்லாமல் முழுக் கடவுச்சொல்லை அடித்து ஒருமுறை உள்ளே வந்தோம். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின் எண்ணையே பயன்படுத்தி வந்த கணினிக்குப் புதிய கடவுச்சொல் தெரிந்திருக்காது. ஒருமுறை அதைக் கொண்டு நுழைந்தால்தான் அறிமுகம் ஆகும்.

அடுத்தது பெயர். மின்னஞ்சல் முகவரிதான் பெயர் என்று நினைக்கிறோம். கணினிக்குள் உங்கள் பெயர் பெரும்பாலும் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தாகச் சுருங்கியிருக்கும். 'கமாண்ட் ப்ராம்ப்ட்' கறுப்புத் திரையைத் திறந்து, 'ஹூ ஆம் ஐ' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் அடித்துப் பாருங்கள். கணினியின் பெயர், ஒரு சாய்கோடு, உங்கள் பெயர் என்று வரும். வேலைக்குக் கொடுக்க வேண்டிய பெயர் அதுதான்.

கடைசியாக, முதல் தெரிவை மீண்டும் தேர்ந்து, புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தோம். அன்று இரவே நகல் வந்துவிட்டது.

இன்னொரு நிலையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து கடவுச்சொல்லையே நீக்கிவிடும் வசதி 2021 செப்டம்பரில் எல்லாருக்கும் வந்தது. 2025 மே மாதம் முதல் புதிய கணக்குகள் கடவுச்சொல் இல்லாமலேயே தொடங்குகின்றன. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் இரவு ஊழியரிடம் கொடுக்க உங்களிடம் கார்டே இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, நீளமான கடவுச்சொல் வைத்து, வேலையை அதன் பெயரில் ஒப்படைப்பதே நல்ல வழி.

எண்ணைப் படித்தால் பாதி வேலை முடிந்தது

வேலை நடக்காதபோது கணினி ஒன்றும் சொல்வதில்லை என்றேன். முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அது ஒரு மூலையில் எழுதி வைக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரில் வேலையின் பெயருக்கு நேராகக் 'கடைசியாக ஓடிய நேரம்', 'கடைசி முடிவு' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. 'ஹிஸ்டரி' என்ற பக்கமும் உண்டு. பெரும்பாலான கணினிகளில் அது அணைந்தே இருக்கும், வலப்பக்கப் பட்டியலில் ஒருமுறை சொடுக்கினால் விழித்துக்கொள்ளும். அதில் 101 என்ற நிகழ்வு எண், வேலை தொடங்கவே இல்லை என்பதைக் குறிக்கும். 104 என்றால் நுழைவு தோல்வி.

அங்கே 2147943726 போன்ற பத்து இலக்க எண் ஒன்றும் தெரியும். பார்த்தால் பயமாக இருக்கும். அதிலிருந்து 2147942400ஐக் கழியுங்கள். 1326 என்று வரும். இந்த நான்கு இலக்கம்தான் நோயின் பெயர்.

1326 என்றால் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு. 1327 என்றால் கணக்குக்கு ஏதோ கட்டுப்பாடு. பெரும்பாலும் கடவுச்சொல் காலியாக இருக்கும். 1330 என்றால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. 1331 என்றால் கணக்கே முடக்கப்பட்டுள்ளது. 1385 என்றால் இந்த வகையில் நுழைய அனுமதி இல்லை. 1909 என்றால் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது.

ஆறு எண்கள், ஆறு வேறு நோய்கள், ஆறு வேறு மருந்துகள். எல்லாவற்றுக்கும் 'பாஸ்வேர்ட் ப்ராப்ளம்' என்று பெயர் வைத்துக் கடவுச்சொல்லையே மாற்றிக்கொண்டிருந்தால், எல்லா நோயும் தீராது.

கடைசியாகச் சொன்ன 1909 அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒன்று பழைய கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டும். யாரோ திருட முயல்கிறார்கள் என்று கணினி எண்ணிக் கணக்கைப் பூட்டிவிடும். 2022 அக்டோபரிலிருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11 கணினிகளில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டு விழும் என்பதே இயல்பு அமைப்பு. காலையில் வேலைக்கு வந்தவர் தம் கணக்கில் நுழைய முடியாமல் ஹேக்கர் வந்துவிட்டான் என்று பதறுவார். குற்றவாளி அவரே போன வருடம் அமைத்த ஒரு வேலையாக இருக்கும்.

கார்டு சரி, வாசல் தவறு

1385 தனிக் கதை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு அருகே டியூஷன் நிலையம் நடத்தும் ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, பாஸ்வேர்ட் சரி. அதே பாஸ்வேர்டுல நானே உள்ள போறேன். வேலை மட்டும் போக மாட்டேங்குது."

ஆக்சஸ் கார்டு முன்வாசலைத் திறக்கும், சரக்கு இறக்கும் பின்வாசலைத் திறக்காது. அதுபோலத்தான் இதுவும். விசைப்பலகை முன் அமர்ந்து நுழைவது ஒரு வகை. ஆளில்லாமல் வேலையாக நுழைவது வேறு வகை. அதற்குப் பெயர் 'பேட்ச் ஜாப்'. இந்த உரிமை நிர்வாகிகள் போன்ற சில குழுக்களுக்கு மட்டுமே இயல்பாக உண்டு. அந்த இளைஞர் நல்ல எண்ணத்தோடு, அதிகாரம் குறைந்த தனிக் கணக்கை உருவாக்கியிருந்தார். உரிமையைத் தர மறந்திருந்தார்.

விண்டோஸ் ப்ரோ பதிப்பில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்ற பகுதியில், பயனர் உரிமைகளின் கீழ் 'லாக் ஆன் அஸ் எ பேட்ச் ஜாப்' என்ற வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் போதும். அதே பட்டியலில் 'டினை' என்று தொடங்கும் மறுப்பு வரியும் இருக்கும். அதில் பெயர் இருந்தால், அனுமதி வரியில் சேர்த்தும் பயனில்லை. மறுப்புதான் வெல்லும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தப் பகுதியே கிடையாது என்பதையும் கணினி வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

உரிமை தந்த பிறகும் அவருடைய வேலை பாதியில் நின்றது. காரணம், கோப்புகள் போய்ச் சேர வேண்டிய இடத்தை 'இசட்' என்ற எழுத்தால் குறித்திருந்தார். நிலையத்தின் பொது வட்டுக்கு அவர் வைத்த எழுத்து அது. அந்த எழுத்து அவர் உள்ளே நுழையும்போது அவருக்காகப் போடப்படுவது. இரவு ஊழியருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. எழுத்துக்குப் பதிலாக, இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்ததும் சரியாயிற்று.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. 'கடவுச்சொல்லைச் சேமிக்காதே' என்ற சிறு கட்டத்தில் குறியிட்டால் கடவுச்சொல் கேட்காமலே வேலையை ஓட்டலாம். ஆனால் அந்த வேலை அந்தக் கணினியை விட்டு வெளியே போக முடியாது. அதே கணினியில் செருகிய வட்டுக்கு நகலெடுக்க அது போதும். வேறு கணினிக்கோ பொது வட்டுக்கோ போக வேண்டியதற்கு உதவாது.

உலகம் முழுக்க நடந்தது

நம் கை சுத்தமாக இருந்தும் பிழை வரலாம். 2020 மே மாதம் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பு வெளிவந்த பிறகு, உலகம் முழுக்கப் பலருக்கு அவுட்லுக், குரோம் போன்றவற்றில் சேமித்த கடவுச்சொற்கள் மறந்து போயின. கணினியை அணைத்துத் திறந்தால் மீண்டும் எல்லாவற்றிலும் நுழையச் சொல்லும். வீட்டிலிருந்து வேலை செய்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் அது. கடவுச்சொல்லை மாற்றியவர்கள் பலர், வைரஸ் என்று பயந்தவர்கள் பலர்.

காரணம் டாஸ்க் ஷெட்யூலர் பக்கம் இருந்தது. மேலே சொன்ன 'கடவுச்சொல்லைச் சேமிக்காதே' வகையில் அமைந்த சில வேலைகள் ஓடும்போது இந்தக் கோளாறு கிளம்பியது. அந்த வகை வேலைகளைத் தேடி நிறுத்தி வைக்கும்படி மைக்ரோசாஃப்ட் தற்காலிக வழி சொன்னது. நிரந்தரத் தீர்வு 2021இன் தொடக்கத்தில்தான் வந்தது. மின்னஞ்சல் திறக்கவில்லை என்றால் மின்னஞ்சலில் மட்டும் தேடினால் போதாது. பின்னணியில் யார் உங்கள் பெயரில் நடமாடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அலுவலகங்களுக்கு இன்னொரு பாடம் 2014இல் கிடைத்தது. நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே வேலையை அனுப்பும் நிர்வாகிகள், அதற்கான கடவுச்சொல்லையும் சேர்த்தே பொதுக் கோப்புறையில் வைக்கும் வசதி விண்டோஸ் சர்வரில் இருந்தது. கடவுச்சொல் மறைகுறியீட்டில்தான் இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் திறவுகோலை மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. அலுவலக வலையமைப்பில் நுழைந்த எவரும் எடுத்துப் படிக்கலாம். அந்த ஆண்டு மே மாதம் அந்த வசதியை நிறுத்தினார்கள்.

நம் கடைகளிலும் இதன் சிறிய வடிவம் நடக்கிறது. கேள்வி கேட்காமல் வேலை ஓடட்டும் என்று, கடவுச்சொல்லை அப்படியே கட்டளைக் கோப்பில் எழுதி மேசைத் திரையில் போட்டு வைக்கிறார்கள். ஆக்சஸ் கார்டை வாசல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். பெரிய அலுவலகம் என்றால், கடவுச்சொல்லைத் தானே அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் சேவைக் கணக்கு வகை 2012 சர்வர் பதிப்பிலிருந்தே இருக்கிறது. உங்கள் ஐடி பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

அறுபது நாளைக்கு ஒருமுறை எல்லாரும் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய விதியையும் அவரிடம் பேசலாம். 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டது. கசிந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். காரணமே இல்லாமல் மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுவார்கள், இரவு வேலைகளும் வரிசையாக நிற்கும்.

மௌனம் சம்மதம் அல்ல

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்போம். கணினி விஷயத்தில் அந்தப் பழமொழி உதவாது. 2017 ஜனவரி 31ஆம் தேதி, கிட்லேப் என்ற புகழ்பெற்ற மென்பொருள் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். தினமும் தானாக ஓட வேண்டிய நகல் வேலை, பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டே வந்திருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை அந்த வேலை அனுப்பத்தான் செய்தது. அவை முறையாகக் கையொப்பமிடப்படாததால் பெறும் பக்கம் நிராகரிக்கப்பட்டன. ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு நகல் அவர்களைக் காப்பாற்றியது. ஆனாலும் ஏறக்குறைய 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பற்றிய ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நடந்ததை மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது அந்த நிறுவனம். பெரிய சம்பளம் வாங்கும் பொறியாளர்களுக்கே இந்த நிலை என்றால், கிள்ளான் அக்காவின் மூன்று மாதம் பெரிய விஷயமா?

தோற்றால் சொல் என்று கேட்பது போதாது. சொல்லும் வழியே தோற்றுப் போகலாம். நடந்தால் சொல் என்று கேட்பதே பாதுகாப்பு. தினமும் வர வேண்டிய 'முடிந்தது' என்ற செய்தி ஒருநாள் வராவிட்டால், உடனே போய்ப் பார்ப்பீர்கள். டாஸ்க் ஷெட்யூலரிலேயே மின்னஞ்சல் அனுப்பும் தெரிவு ஒன்று தென்படும், ஆனால் அது கைவிடப்பட்ட வசதி. அதை நம்ப வேண்டாம். எளிய வழி, நகல் இருக்கும் கோப்புறையைத் திறந்து கோப்பின் தேதியைப் பார்ப்பது.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடியவை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

1. தானாக நடக்க வேண்டிய வேலைகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வேலை, எத்தனை மணிக்கு, யார் கணக்கில், எங்கே போய்ச் சேர வேண்டும். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

2. டாஸ்க் ஷெட்யூலரில் ஒவ்வொரு வேலையின் கடைசி முடிவையும் பாருங்கள். பத்து இலக்க எண் இருந்தால் கழித்துப் பாருங்கள்.

3. யார் உள்ளே இருக்கும்போது அது ஓடுகிறது என்பதைப் பாருங்கள். திரையைப் பூட்டினால் நீங்கள் உள்ளே இருப்பதாகவே கணக்கு. வெளியேறினாலோ, இடி மின்னலில் மின்சாரம் போய் கணினி மீண்டும் கிளம்பி நுழைவுத் திரையில் நின்றாலோ, நீங்கள் உள்ளே இல்லை.

4. மடிக்கணினி என்றால், மின்செருகி இணைந்திருந்தால் மட்டும் ஓடு என்ற நிபந்தனை இயல்பாகவே இருக்கும். கார்டு சரியாக இருந்தும் ஊழியர் வராததற்கு அதுவும் காரணமாகலாம்.

5. கடவுச்சொல்லை மாற்றிய நாளிலேயே, அந்தத் தாளில் உள்ள வேலைகள் ஒவ்வொன்றிலும் புதியதைக் கொடுங்கள். கொடுத்ததும் வேலையின் மீது வலச்சொடுக்கி 'ரன்' அழுத்திப் பாருங்கள். பதினொரு மணி வரை காத்திருக்க வேண்டாம்.

6. கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் நகல் அல்ல.

7. ஒரு நகலாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இணையச் சேமிப்பிலோ, தங்கை வீட்டு அலமாரியிலோ. கணினியும் நகல் வட்டும் ஒரே மேசையில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகும்.

கிள்ளான் அக்கா இப்போது மாத நாட்காட்டியை மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமி கும்பிட்டு முடித்ததும் வட்டைத் திறந்து, கடைசி கோப்பின் தேதியைப் பார்த்து, நாட்காட்டியில் ஒரு டிக் போடுகிறார். மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.